கோபப் பிடி

கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டிவிட்டால் அதற்குள் இருப்பது வேறொரு பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். வலைக்குள் வந்துவிட்டால் குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி வெளிச்சம் பச்சையாகத் தளும்பிக்கொண்டிருக்கும். தெருவில் போகிற வண்டிகளின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்கும். சுவரில் பிரஷ் போய்வரும் சரக் சரக் மட்டும் காதோரம் பேசிக்கொண்டிருக்கும். குடித்தனக்காரி தன் ஆயுளில் பாதியை அந்தப் பச்சை வெளிச்சத்தில்தான் கழித்திருந்தாள்.

குடித்தனக்காரி என்பது உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அவள் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவள். சாரத்துப் பலகையில் நின்று அடித்துக்கொண்டே, கதவு மாட்டாத, தரை போடாத அறைகளை ஜன்னல் இடைவெளி வழியாக எட்டிப் பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் குடியேறிவிடுவாள். கட்டில் இந்தப் பக்கம். மகளுடைய மேசை ஜன்னலோரம். மூலையில் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி. உட்காரமாட்டார், கழற்றிய சட்டையைத்தான் அதில் போட்டுவைப்பார், போடட்டும். சுவர் முடிந்து பலகையை மேலே ஏற்றினால் அடுத்த மாடி, அடுத்த குடித்தனம். மனக்கோட்டை கட்ட யாரைக் கேட்கவேண்டும்?

"என்னக்கா, இன்னைக்கு எந்த வீடு?" என்று கீழேயிருந்து யாராவது கேட்பார்கள்.

"மேற்குப் பக்கம், மூணாவது மாடி. காத்து நல்லா வருது. நாளைக்குக் காலி பண்ணிடுவேன்."

நிஜத்தில் அவள் குடியிருந்தது ஒற்றை அறை. அதற்கும் ஒரு ஜன்னல் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் அந்தச் சுவரைத் தொடலாம். அது எந்தக் காலத்திலோ அடித்த நீலம், வெளுத்துப்போய்க் கிடந்தது. தொழிலே பெயின்ட் என்றாலும் அடுத்தவர் சுவருக்கு அவள் எப்படி அடிப்பது?

அவள் வீட்டுக்காரர் சாரம் கட்டுகிறவர். சாரக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான். இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே குழாய் வைத்து, மேலே பலகை பரப்பிவிட்டு, நடுவில் போய் நின்று குதித்துப் பார்ப்பார். அப்புறம்தான் "ஏறலாம்" என்பார். அவர் சொல்லாமல் மேஸ்திரிகூடக் கால் வைக்கமாட்டார். சாரம் தன் காலில் மட்டும் நிற்பதில்லை. அங்கங்கே ஒரு குழாயை ஜன்னல் வழியாக அறைக்குள் விட்டு, உள்பக்கம் குறுக்காக இன்னொரு குழாயை வைத்து இறுக்குவார்கள். அதுதான் சாரத்தைச் சுவரோடு பிடித்துவைப்பது. வேலை செய்கிறவர்கள் அதைப் 'பிடி' என்பார்கள். ஒவ்வொரு சுவருக்கும் எத்தனை பிடி என்று கணக்குண்டு. சாரக்காரர் கணக்கு தவறமாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தவறுவார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் கணக்குக்கு மேல் ஒரு பிடி போடுவார். "கோவத்துல இருக்கற கையை நம்பக்கூடாது. இறுக்கினேன்னு நினைக்கும், இறுக்கியிருக்காது" என்பது அவர் கட்சி. ஆகவே கை மேல் நம்பிக்கையில்லாத நாளில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று கூட. அதற்குக் 'கோபப் பிடி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். காலையில் ஆட்கள் வந்து பிடிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் போச்சு. "என்னக்கா, ராத்திரி வீட்ல பாத்திரம் பறந்துச்சா?" என்று நாள் முழுக்க அவள் தலையை உருட்டுவார்கள். ஊரில் மற்றவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை நாலு சுவருக்குள் இருக்கும். இவர்கள் சண்டை மட்டும் சுவருக்கு வெளியே இரும்புக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்களே, அந்த மனுஷன் கோபத்தில்கூட என் காலடிப் பலகையைத்தான் நினைக்கிறார் என்று. சண்டை போட்ட நாளில் அவள் பலகையில் கொஞ்சம் தாராளமாகவே நடப்பாள்.

அந்த நாள் காலையில் சண்டை வந்தது ஒரு திரையால். கடைத்தெருவில் பார்த்துப் பார்த்து, ஆசை அடங்காமல் அவள் மஞ்சள் நிறத்தில் ஜன்னல் திரை வாங்கிவந்திருந்தாள். அதை விரித்துக் காட்டினாள்.

அவர் திரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால் இருந்த சுவரைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"செவுரு உன்னை எட்டிப் பாக்குதா? அதுக்கு எதுக்குத் திரை?"

சிரிக்காமல் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்குக் கட்டத்தான் தெரியும். அதுக்குள்ள இருக்கத் தெரியாது."

"நான் என்னம்மா சொல்லிட்டேன் இப்போ?"

"ஒண்ணும் சொல்லவேணாம். விடுங்க."

திரையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அவருக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எப்போதும் இருவரும் சேர்ந்துதான் நடப்பார்கள். வழியெல்லாம் பக்கத்தில் ஆள் இல்லாதது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அதற்காகத் திரும்பியா பார்ப்பாள்?

சாரக்காரர் அன்றைக்குத் தாமதமாக வந்தார். அவர் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே வந்தார். அவளைக் கடந்து போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஓகோ, கோபத்தில் எதையோ குத்திக்கொண்டிருக்கிறார், மூக்கு மேல் கோபம், என்று அவள் நினைத்துக்கொண்டாள். விரல் வாயில் இருந்தால் எந்த மனுஷன் பேசுவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மேற்குச் சுவரில் பலகையை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார். பிடிகளை இறுக்கினார். நடுவில் போய்க் குதித்துப் பார்த்தார். பொதுவாகக் காற்றைப் பார்த்து "ஏறலாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்தின் மறுபக்கம் போய்விட்டார். குடித்தனக்காரி ஏறினாள். வேலை மும்முரத்தில் அன்று யாரும் பிடிகளை எண்ணவில்லை.

இடுப்பில் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஸ்டோர் ரூமில் ஆணியில் தொங்கிக்கொண்டு பத்திரமாக இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

மதியத்துக்கு மேல் வலைக்குள் ஒரு தூக்கம் வந்து இறங்கும். பெயின்ட் வாசனை, பச்சை வெளிச்சம், லேசான காற்றில் வலை மூச்சு விடுவது மாதிரி உப்பி அடங்குவது எல்லாம் சேர்ந்து கண்ணைச் சொக்கவைக்கும். அவள் கை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவளோ உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். நல்ல பெரிய அறை. பெரிய ஜன்னல். இங்கே அந்த மஞ்சள் திரையை மாட்டினால் சாயங்கால வெயில் அதில் பட்டு அறை முழுக்க மஞ்சளாகிவிடும். மகள் அந்த மஞ்சளில் உட்கார்ந்து படிப்பாள். அவர் வந்து நின்று பார்ப்பார். அப்போது சிரிக்கட்டும், பார்க்கலாம்.

"அக்கா."

அறைக்குள் ஜன்னல்காரர் நின்றிருந்தார். ஜன்னல் சட்டங்களைப் பொருத்துகிறவர். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இந்தப் பிடி குறுக்க நிக்குதுக்கா. சட்டம் உள்ள உக்கார மாட்டேங்குது. கழட்டிட்டு, சட்டத்தை வச்சதும் திரும்ப அது வழியாவே விட்டு இறுக்கிடலாம். சாரக்காரரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

கேட்டவர் முறையாகத்தான் கேட்டார். அதை மறக்கக்கூடாது. கூப்பிட்டால் வருகிற தூரத்தில்தான் சாரக்காரரும் இருந்தார். ஆனால் கூப்பிட்டால் அவள்தான் முதலில் பேசினதாகிவிடும். காலையிலிருந்து கட்டிக்காத்த மௌனம் அதோடு போச்சு. அதுவும் போக, இன்றைக்குத்தான் கோபப் பிடி இருக்குமே. ஒன்றைக் கழற்றினால் கணக்குக்குச் சரியாகத்தானே வரும்? சுவர் மூலை வரை ஒரு எட்டு போய்ப் பிடிகளை எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிரஷ் கையில் இருந்தது. கண்ணில் மஞ்சள் திரை இருந்தது.

"கழட்டிக்கோங்க. இன்னொண்ணு கூடுதலாவே இருக்கு."

"அப்படியா, சரிக்கா."

ஜன்னல்காரர் கழற்றினார். குழாயை ஒழுங்காக அறைக்குள் சுவரோரம் படுக்கவைத்தார். சட்டத்தை உட்காரவைத்தார், அழகாகப் பொருந்தியது. ஸ்குரூ எடுத்துவர இறங்கிப் போனார். போகிற வழியில் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள்.

காற்று கொஞ்சம் கூடியது. வலை நன்றாக உப்பியது. அந்த நேரத்தில் ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. சாரக்காரர் இரண்டு தம்ளர் டீயோடு ஏறி வந்துகொண்டிருந்தார். பலகையில் கால் வைத்து, கட்டைவிரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி, டீ சிந்தாமல் அவளை நோக்கி நடந்து வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. இவருக்கு எதற்குச் சிரிப்பு என்று அவள் நினைத்தாள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. முன்பு அது இல்லை. கோடு விரல் அகலமானது, பிறகு கை அகலமானது. சத்தமே இல்லை. சுவர்தான் அவளை விட்டு மெதுவாக நகர்ந்து போவது போல் இருந்தது. பெயின்ட் டப்பா தானாக ஒரு பக்கமாக நகர்ந்தது. கனவில் நடப்பதை வேடிக்கை பார்ப்பது மாதிரி அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பார்த்துவிட்டார். தம்ளர்கள் போயின. ஓடி வந்து, இரண்டு கையாலும் அவள் முதுகில் ஓங்கித் தள்ளினார். கண்ணாடி மாட்டாத சட்டத்துக்குள் குடித்தனக்காரி தலைகுப்புறப் போய் அறைக்குள் விழுந்தாள்.

அப்புறம்தான் சத்தம். பழைய சட்டையில் பொத்தான்கள் தெறிப்பது மாதிரி மிச்சப் பிடிகள் வரிசையாக விட்டுப்போயின. அது முடிந்தபோது அறைக்குள் பச்சை இல்லை. வலை போய்விட்டிருந்தது. ஜன்னலில் வெறும் வானம், வெள்ளை வெயில். அத்தனை நாள் ஆசைப்பட்ட மாதிரி ஓர் அறை முழு வெளிச்சத்தோடு அவளைச் சுற்றி இருந்தது. பக்கத்தில் சுவரோரம் அந்தக் குழாய் படுத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள்.

கீழே மணல் குவித்திருந்தது. வலை சுற்றிக்கொண்டு அவர் அதன் மேல் விழுந்திருந்தார். தொடை எலும்பு முறிந்தது. உயிர் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று எல்லோரும் சொன்னார்கள். விழுந்தவர் கட்டிலில் வலியோடு கிடக்க, நிற்பவர்கள் சொல்லிக்கொள்ள வசதியான பழமொழி அது.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சாரக்காரர் கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"என் தப்புதான். விரல்ல அடிபட்டிருந்துச்சு. சரியா இறுக்கலை போல இருக்கு."

"ஆனைக்கும் அடி சறுக்கும்ங்க, விடுங்க" என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் கழித்து, "கால் சரியானாலும் இனி சாரம் மட்டும் வேணாம். ஆளுங்க ஏற மாட்டேங்கறாங்க" என்றார்.

"நானே ஏறமாட்டேன்" என்றார் சாரக்காரர்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கழற்றச் சொன்னது ஒன்று. அது போனாலும் கணக்குக்குச் சரியாக இருந்திருக்கவேண்டும். கோபப் பிடியும் சேர்ந்து விட்டுப்போனதென்றால் கை இறுக்காதது உண்மைதானே? அவரே சொல்கிறாரே. நான் எதற்குக் குறுக்கே பேச? மனசு தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்தால் போதும், நுழைந்துவிடுகிறது.

போர்வை எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது சாயங்காலம். கதவைத் திறந்தாள். அறை மஞ்சளாக இருந்தது.

ஜன்னலில் திரை தொங்கியது. மேலே ஒரு துண்டுக் குழாய், இரண்டு பக்கமும் சாரத்தை இறுக்குகிற அதே கிளாம்ப். எதிர்ச்சுவரில் பட்டு எங்கிருந்தோ வந்த கொஞ்ச வெயில் திரையில் ஏறி நின்றது. சுவர் தெரியவில்லை. அந்தப் பக்கம் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் போல் இருந்தது.

"யார் மாட்டினது?"

"அப்பாதான்மா" என்றாள் மகள். அழுது கண் வீங்கியிருந்தது. "காலையில நீ போனதும் மாட்டினாரு. சுத்தியல்ல விரலை வேற அடிச்சுக்கிட்டாரு. அம்மாகிட்ட சொல்லிடாத, வந்து பாக்கட்டும்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவருக்குக் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். கோபம் இல்லாத நாளில் அவர் கணக்குக்கு மேல் போடமாட்டார். மேற்குச் சுவரில் எத்தனை வேண்டுமோ அத்தனைதான் இருந்தது. அதில் ஒன்றை அவள்தான் எடுக்கச் சொன்னாள். அவர் சமாதானமாகிவிட்டார் என்று தெரியாமல், அவருடைய கோபத்தை நம்பி எடுக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் கட்டடத்து வாசலில் நின்றிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். பெண்தான். சரிந்து கிடந்த குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தனக்காரி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். 

"மேடம், அவர் கட்டுல குத்தமில்லை. நடுப் பிடியைக் கழட்டச் சொன்னது நான். குழாய் இன்னும் அந்த ரூம்லதான் கிடக்கு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அவர் அங்கதானே இருந்தாரு? ஏன் கூப்பிடலை?"

"அவரோட பேசாம இருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஜன்னல்காரர் தள்ளி நின்றிருந்தவர் முன்னால் வந்தார்.

"கழட்டினது நான். திருப்பி மாட்டாம போனதும் நான்தான். அக்காவை மட்டும் சொல்லாதீங்க."

"பெல்ட்டை எடுத்துக் கொடுக்காதது நான்" என்று மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தாள். போய் நின்றதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டிவிட்டது. திரையைப் பார்த்தேன் என்றாள். கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன், கூடுதலாக ஒன்று இருக்கும் என்று நினைத்தேன், கழற்றச் சொல்லிவிட்டேன் என்றாள். திட்டுங்கள், அடிக்கக்கூட அடியுங்கள் என்றாள்.

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவளைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம்?" என்றார்.

"என்ன மத்ததெல்லாம்?"

"மத்த பிடிங்க. அது முதல்ல அவிழலையே? நீ கழட்டினப்புறம்தானே போச்சு?"

"அப்புறம்தான். எல்லாம் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. கட்டைவிரலில் இன்னும் துணி சுற்றியிருந்த கையை மெல்லத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், தொலைந்துபோய்க் கிடைத்த பொருளைப் பார்ப்பது போல. அதற்கப்புறம் நிஜமாகவே கோபம் வந்தது. பல நாள் அவளோடு பேசவில்லை. அவள் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசாத மனுஷனோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள அவளுக்கும் அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

இப்போது சாரக்காரர் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். மேலே ஏறுவதில்லை. கீழே நின்று சொல்லச் சொல்ல ஆட்கள் கட்டுகிறார்கள். குழாயைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சரி என்கிறார். பிடிகளுக்கெல்லாம் சிவப்பு அடித்தாகிவிட்டது. அடித்தது குடித்தனக்காரி. சிவப்பை அவர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று அதிகாரியின் உத்தரவு. பெல்ட்டுகள் ஆணியில் தொங்குவதில்லை. எந்தச் சுவரானாலும், சண்டையானாலும் சமாதானமானாலும், கணக்குக்கு மேல் ஒரு பிடி.

அது இருக்கிறதென்று தெரிந்தாலும் அவள் மூலை வரை போய் எண்ணிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு ஏணியில் கை வைத்துக்கொண்டு, கட்டடத்துக்கே கேட்கும்படி கூப்பிடுகிறாள்.

"ஏங்க, கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். ஏறு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். வந்த பிறகுதான் முதல் படியில் கால் வைப்பாள்.

ஒரு நாள் அவர் பாதியில் சிரித்துவிட்டார். அவர் சிரித்து முடித்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை ஒழுங்காகச் சொல்லும் வரை அவள் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.